ஓடியவர் உறங்கினார், கடிதம் ஓடியது

பள்ளி விளையாட்டு விழாவில் நால்வர் குச்சியைக் கைமாற்றி ஓடுவதை 'அஞ்சல் ஓட்டம்' என்கிறோம். அஞ்சலுக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் என்ன உறவு? ஜப்பானியரின் நெடுந்தூரத் தொடர் ஓட்டம் இதற்கு விடை தருகிறது. அதன் பெயர் 'எக்கிடென்'. 'எக்கி' என்பது சாலையில் ஆளும் குதிரையும் மாறும் நிலையம். 'டென்' என்பது கைமாற்றித் தருதல். பந்தயமாவதற்கு முன் இந்த ஓட்டம் பலருக்குப் பிழைப்பாக இருந்தது.

பறக்கும் கால்கள்

இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எடோ. எடோவையும் கியோத்தோவையும் இணைத்த தோக்கைடோ சாலையின் நீளம் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். 1601-ஆம் ஆண்டு முதல் தொக்குகாவா ஆட்சியினர் இச்சாலையில் நிலையங்களை ஏற்படுத்தினர். அவை நாளடைவில் 53 ஆயின. நிலையத்துக்கு நிலையம் கடிதம் கொண்டு ஓடியவர்களை 'ஹிக்கியாக்கு' என்றனர். 'பறக்கும் கால்' என்று பொருள்.

அரசாங்கக் கடிதங்களுக்கு இருவர் சேர்ந்து ஓடினர். ஒருவர் தோளில் கடிதப் பெட்டி, மற்றவர் துணை. இரவில் விளக்கு வழிகாட்டியது. அடுத்த நிலையத்தில் வேறு இருவர் ஆயத்தமாக நிற்பர். பெட்டி கைமாறியதும் வந்தவர்கள் படுத்து உறங்கலாம். பெட்டி மட்டும் உறங்குவதில்லை.

சாதாரண வழிப்போக்கர் இத்தூரத்தைக் கடக்க இரண்டு வாரம் ஆகும். அரசாங்கக் கடிதம் ஏறத்தாழ மூன்று நாளில் சென்றது. கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்கு 7 கிலோமீட்டர்தான்! மெல்லோட்ட வேகமே இது. ஆனால் நிற்காத வேகம்.

இதன் உடலியல் காரணம் எளிது. ஓடும் தசைக்கு முக்கிய எரிபொருள் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள். தசையிலும் கல்லீரலிலும் உள்ள இருப்பு, விரைந்து ஓடினால் சுமார் 30 கிலோமீட்டர் அளவில் தீர்ந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு உறுதி படைத்தவரும் தளர்வார். களைப்பைப் பலருக்குப் பங்கிட்டுவிட்டால் எவரும் அந்த எல்லையைத் தொட வேண்டியதில்லை.

இம்முறைக்கு இயற்கையும் ஒரு தடை வைத்திருந்தது. ஓயி ஆற்றுக்குப் பாலம் இல்லை. கூலியாட்களின் தோளேறித்தான் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் கடப்பு நிறுத்தப்படும். வெள்ளம் வடிந்ததும் முதலில் கடக்கும் உரிமை அரசாங்க ஓட்டக்காரருக்கு உண்டு. அதுவரை அவரும் கரையில் காத்திருக்க வேண்டியதே.

தொழில் போய் பந்தயம் வந்தது

1871-இல் புதிய அஞ்சல் துறை தோன்றியது. 1889-இல் தோக்கைடோ இருப்புப்பாதை நிறைவுற்றது. மூன்று நாள் பயணம் ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டது. பறக்கும் கால்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

தலைநகர் டோக்கியோவுக்கு மாறிய 50-ஆம் ஆண்டு விழாவையொட்டி, 1917-இல் யோமியூரி நாளிதழ் அதே வழியில் ஒரு பந்தயம் நடத்தியது. ஏப்ரல் 27-ஆம் நாள் கியோத்தோவின் சான்ஜோ பாலத்தில் இரு அணிகள் புறப்பட்டன. அணிக்கு 23 பேர். தூரம் ஏறத்தாழ 508 கிலோமீட்டர். இரு இரவுகள் ஓடி, வென்ற அணி 29-ஆம் நாள் முற்பகலில் டோக்கியோ வந்தது. ஆன நேரம் 41 மணி 44 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். ஆளுக்குச் சராசரி 22 கிலோமீட்டர். கிளைக்கோஜன் எல்லைக்கு உட்பட்ட தூரம்தான் அது!

அவ்வணியின் கடைசி ஓட்டக்காரர் கனாகுரி ஷிசோ. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயில் தாளாமல் பாதி வழியில் வீழ்ந்தவர். தனியே ஓடி வீழ்ந்தவர், 22 தோழர்கள் கொண்டு வந்ததைப் பெற்று வெற்றிக் கோட்டைத் தாண்டினார். 1920-இல் கல்லூரி மாணவர்களுக்கான ஹக்கோனே எக்கிடென் தொடங்கவும் அவர் முன்னின்றார்.

தொழிலாகத் தொடங்கியது மீண்டும் தொழிற்கூடங்களுக்கே திரும்பியது. 1957 முதல் நிறுவனங்களின் ஊழியர் அணிகளுக்குத் தேசியப் போட்டி நடைபெற்று வருகிறது. 1988 முதல் குன்மா மாநிலத்தில், புத்தாண்டு நாளில் ஏழு பேர் 100 கிலோமீட்டர் ஓடுகின்றனர்.

எக்கிடென்னில் குச்சி கிடையாது. 'தசுகி' என்னும் துணிப்பட்டையைத் தோளின் குறுக்கே அணிந்து ஓடிக் கைமாற்றுகிறார்கள். முந்தியவரின் வியர்வையில் நனைந்த பட்டை அடுத்தவர் தோளேறுகிறது. கடிதப் பெட்டி மறைந்துவிட்டது. அடுத்தவர் காத்திருக்கிறார் என்ற பொறுப்பு மறையவில்லை.