‘கேள்’ என்பதற்கு எத்தனை சொல்?



ஆங்கிலத்தின் மிக எளிய வினைச்சொற்களுள் ஒன்று ‘ஆஸ்க்’ என்பது. ‘கேள்’ என்பது அதன் பொருள். தொடக்க வகுப்புப் பாடத்திலேயே வந்துவிடும் இச்சொல்லை அற்பமென்று எண்ணி, வேறொரு சொல்லை நாடியதால் என் கல்லூரிப் படிப்பே நின்றுவிடும் நிலை ஒருமுறை ஏற்பட்டது. அந்தக் கதையையும், அதன் பின்னே நிற்கும் ஒரு நாட்டின் வரலாற்றையும் உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டு. என் தந்தையார் சிறு நிலம் உழுது வாழ்ந்தவர். அவ்வாண்டு மழை பொய்த்தது. கட்டணச் சலுகை கிடைத்தாலன்றி மேலே படிக்க வழியில்லை. கல்லூரித் தலைவருக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். ‘ஆஸ்க்’ என்று எழுதக் கை வரவில்லை. அது பட்டிக்காட்டுச் சொல்லாகத் தோன்றிற்று. நூலகத்தில் ஒருபொருட் சொற்களைத் தொகுத்த அகராதி ஒன்றைப் புரட்டினேன். பல சொற்கள் அணிவகுத்து நின்றன. ஓசையிற் கம்பீரமாக இருந்த ‘டிமாண்ட்’ என்பதை எடுத்தாண்டு, சலுகையை ‘டிமாண்ட்’ செய்வதாக எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அத்தாள் திரும்பி வந்தது. அந்த ஒரு சொல்லின் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. கட்டணம் செலுத்த எஞ்சியிருந்தவை இரண்டே நாட்கள்.

தாளை எடுத்துக்கொண்டு ஆங்கில ஆசிரியரிடம் ஓடினேன். சிரிப்பாரோ என்று அஞ்சினேன், அவர் சிரிக்கவில்லை. “தம்பி, நீ சலுகை வேண்டி நிற்கவில்லை, கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்பதுபோல் நிற்கிறாய்” என்றார். “அகராதியில் அருகருகே நிற்பதனால் இவையெல்லாம் உடன்பிறந்தவை என்று எண்ணாதே. ஒவ்வொன்றும் வேறு வேறு வாசல் வழியாக வந்தது” என்றும் சொன்னார். அன்று அவர் கூறியதோடு, பிற்காலத்தில் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

‘ஆஸ்க்’ என்பது ஆங்கில மண்ணின் பழஞ்சொல். பண்டை ஆங்கிலத்தில் அது ‘ஆஸ்கியன்’ என்றும், எழுத்து இடம் மாறி ‘ஆக்ஸியன்’ என்றும் வழங்கியது. தமிழில் ‘தசை’ என்பது ‘சதை’ என மாறி நிற்பதில்லையா? அதுபோன்றதே இதுவும். 1400-இல் மறைந்த பெருங்கவிஞர் சாசர், ‘ஆக்ஸ்’ என்ற வடிவத்தைத் தயங்காமல் ஆண்டிருக்கிறார். பிற்காலத்தார் அவ்வடிவத்தைக் கொச்சை என்று ஒதுக்கினர். கவிஞர் நாவில் இருந்த சொல் கல்லாதார் சொல்லாகத் தாழ்ந்தது; சொல்லுக்கும் வாழ்வும் வீழ்ச்சியும் உண்டு போலும்!

1066-ஆம் ஆண்டில் நார்மண்டிக் கோமகன் வில்லியம், ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரசனானான். அதன்பின் அரண்மனையிலும் பிரபுக்கள் மாளிகையிலும் வழக்கு மன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. திருச்சபையும் கல்வியும் இலத்தீன் வசம் இருந்தன. ஆங்கிலமோ உழவர் குடிசையிலும் சந்தையிலும் தாய்மாரின் நாவிலும் உயிர் வாழ்ந்தது. 1362-இல்தான் வழக்கு மன்றங்களில் ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று சட்டம் இயற்றினர். பிரெஞ்சு மொழி மக்களுக்கு விளங்கவில்லை என்று கூறிய அச்சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது!

இவ்வாறு மூன்று மொழிகள் ஒரு நாட்டில் வாழ்ந்ததால், ஒரு பொருளுக்கு மூன்று சொற்கள் உண்டாயின. ‘ஆஸ்க்’ என்பது குடிசைச் சொல். ‘கொஸ்சன்’ என்பது பிரெஞ்சு வழி வந்தது. ‘இன்ட்டராகேட்’ என்பது இலத்தீனிலிருந்து வந்தது. தாய் மகனிடம் “சாப்பிட்டாயா?” என்று கேட்பது முதற்சொல். ஐயம் கொண்ட ஆசிரியர் மாணவனை வினவுவது இரண்டாவது. காவல் அதிகாரி குற்றவாளியை விசாரிப்பது மூன்றாவது. செயல் ஒன்றே, அதைச் செய்வோரும் செய்யும் இடமும் வேறு.

என்னை இடறிவிட்ட ‘டிமாண்ட்’ என்பதன் கதையைக் கேளுங்கள். பிரெஞ்சு மொழியில் அதன் மூலச்சொல்லுக்குச் சும்மா ‘கேட்டல்’ என்பதே பொருள். பாரிஸ் நகரில் ஒருவன் வழி கேட்டாலும் அச்சொல்லாலேயே கேட்பான். ஆனால் இங்கிலாந்தில் அது வழக்கு மன்றத்தில் குடியேறியது. தன் நிலத்தை உரிமையால் மீட்க வழக்கிடுபவனுக்கு ‘டிமாண்டன்ட்’ என்றே பெயர். மன்றத்தில் நிற்பவன் இரப்பதில்லை. தனக்கு உரியதைத் தா என்கிறான். அந்த உரிமைக் குரல் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. நான் ஓசையைக் கண்டேன், அக்குரலைக் கேட்கவில்லை.

சொற்களைத் தேர்ந்துகொள்ள நூல்களும் எழுந்தன. 1794-இல் ஹெஸ்டர் பியோஸி என்ற அம்மையார் ஒருபொருட் சொற்களின் நுண்ணிய வேறுபாடுகளை விளக்கி இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். 1852-இல் வெளிவந்தது பீட்டர் மார்க் ரோஜே என்பாரின் புகழ்பெற்ற சொற்களஞ்சியம். இவர் மருத்துவர், ராயல் சங்கத்தின் செயலாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். 1805-இல் தம் சொந்த உதவிக்கென்று குறித்து வைத்த பட்டியலை, முதுமையில் விரித்து, எழுபத்து மூன்றாம் வயதில் அச்சேற்றினார். எழுத்து வரிசையை விட்டு, நம் நிகண்டுகளைப் போலப் பொருள் வகையால் சொற்களை அடுக்கினார். 1808-இல் செராம்பூரில் அச்சான அமரகோசத்தைத் தம் நூலுக்கு முற்பட்ட முயற்சியாக அவரே முன்னுரையில் குறித்திருக்கிறார்.

அவர் அறிவை நாடிக் கேட்டலை அறிவின் பகுதியிலும், பொருளை நாடிக் கேட்டலை விருப்பாற்றலின் பகுதியிலும் தனித்தனியே வைத்தார். ஆயினும் ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை ஆராய்வது வேறொரு துறை என்று சொல்லி விலகிக்கொண்டார். களஞ்சியம் நெல்லைக் காட்டும். எந்நெல்லை எவ்விருந்துக்குச் சமைப்பது என்று சொல்லாது.

இந்த நுட்பம் நமக்குப் புதிதன்று. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒன்றை வேண்டிக் கேட்கும் சொற்களே என்று தொல்காப்பியம் கூறும். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் ‘ஈ’ என்பான். ஒப்பானவனிடம் ‘தா’ என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் ‘கொடு’ என்பான். பொருளை மட்டும் பார்க்காமல், யார் யாரிடம் கேட்கிறார் என்பதையும் பார்த்து வகுத்த இலக்கணம் அது. வீட்டில் இவ்விளக்கு எரிய, நான் இருட்டில் தடுமாறினேன்!

அன்று மாலை ஆசிரியர் எதிரில் அமர்ந்து விண்ணப்பத்தைத் திரும்ப எழுதினேன். எந்தச் சொல்லை இடுவது என்று கேட்டேன். “நீயே தேர்ந்தெடு” என்றார். ‘பெக்’ என்பது இரத்தல். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. ‘ரிக்வெஸ்ட்’ என்பது பணிவோடு வேண்டுதல். தலை குனிந்தாலும் முதுகு வளையாத சொல். அதையே எழுதினேன். மறுநாள் சலுகை கிடைத்தது.

நண்பர்களே, அகராதியைத் திறவுங்கள். பல சொற்களையும் அறியுங்கள். ஆனால் ஒரு சொல்லை எடுக்குமுன், அது இதுவரை யார் வாயில், யார் முன்னிலையில் வாழ்ந்தது என்று அதனிடமே ஒருமுறை கேளுங்கள். அவ்வாறு கேட்பதற்கு ‘ஆஸ்க்’ என்ற எளிய சொல்லே போதும்.