அணிகள் மொத்தம் எத்தனை?



தேர்வுக் காலம் நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சார், அணிகள் மொத்தம் எத்தனை? பட்டியல் ஒன்று கொடுத்தால் பிள்ளையை மனனம் செய்ய வைத்துவிடுகிறோம்."

கேள்வி எளியது. விடையோ எந்த நூலைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. தண்டியலங்காரம் பொருளணிகள் 35 என்கிறது. மாறனலங்காரம் 64 என்கிறது. தொல்காப்பியத்திலோ அணி என்ற தலைப்பில் ஓர் இயலே இல்லை. இந்த வேறுபாட்டின் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அது தெரிந்தால், நம் பிள்ளைகள் தேர்வில் எழுதும் 'உவமை அணி வந்துள்ளது' என்ற ஒற்றை வரி ஏன் போதாது என்பதும் விளங்கும்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஏழாவது உவமவியல். உவமை எவற்றின் அடிப்படையில் பிறக்கும் என்பதை வினை, பயன், மெய், உரு என நான்காக அது வகுக்கிறது. புலிபோலப் பாய்ந்தான் என்றால் வினை. மழைபோல் வழங்கினான் என்றால் பயன். உடுக்கைபோன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம்போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம். உருவகத்திற்குத் தனிப்பெயர் அங்கே இல்லை. உவமைக்கு அத்தனை இடம் தந்த ஆசிரியர், அதைவிட நுட்பமான ஒன்றையும் குறித்து வைத்தார். அதுவே உள்ளுறை உவமம்.

அகநானூற்றின் 46ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். பரத்தையிடம் சென்று திரும்பிய தலைவனுக்குத் தோழி கதவடைக்கும் காட்சி. அவள் எடுத்த எடுப்பில் ஏசவில்லை. அவனது ஊரைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள். ஊர் உறங்கும் இரவில், சேற்றில் நிற்பதை வெறுத்த எருமை ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் விலக்கி, குளத்து மீன்கள் சிதறியோட வள்ளைக் கொடியை உழக்கி, வண்டு மொய்க்கும் தாமரையை மேய்கிறது. அப்படிப்பட்ட ஊரை உடையவனே என்கிறாள். எருமை யார், வேலி எது, தாமரை யார் என்று அவள் சொல்லவில்லை. 'போல' என்ற சொல்லும் வரவில்லை. ஆனால் கேட்டவனுக்குச் சுடாமல் இருந்திருக்காது. தமிழ்க் கவிதைக்கே உரிய இந்த உத்தியைத்தான் நாம் மாணவர்களிடம் அரிதாகவே பேசுகிறோம்!

அடுத்த காலக்கட்டம் வடமொழி அலங்கார நூல்களின் வழி வந்தது. பல்லவர் காலக் காஞ்சியோடு தொடர்புடைய தண்டி என்ற ஆசிரியர் இயற்றிய காவியாதர்சம் வடமொழியில் பெரும்புகழ் பெற்றது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், தண்டியின் வழியில் அலங்காரப் படலம் ஒன்றைச் சேர்த்து, அணியை ஐந்தாவது இலக்கணமாக்கியது. 12ஆம் நூற்றாண்டில் தண்டியலங்காரம் காவியாதர்சத்தைத் தழுவித் தமிழில் எழுந்தது. அதன் எடுத்துக்காட்டுப் பாடல்களில் அனபாயச் சோழன் புகழப்படுவதால்தான் அக்காலம் கணிக்கப்படுகிறது. நாம் இன்று கற்பிக்கும் தற்குறிப்பேற்றம், வேற்றுமை அணி, பின்வருநிலை அணி போன்ற பெயர்களெல்லாம் அந்நூலின் வழியே நிலைபெற்றவை. திருக்குருகைப் பெருமாள் கவிராயரின் மாறனலங்காரம் 16ஆம் நூற்றாண்டினது. அதில் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது.

பெயர் பின்னால் வந்தது; செயல் முன்பே இருந்தது. மதுரைக்குள் நுழையவிருக்கும் கோவலனையும் கண்ணகியையும், வரவேண்டாம் என்று கைகாட்டித் தடுப்பதுபோலக் கோட்டைக் கொடிகள் அசைந்தன என்று இளங்கோவடிகள் பாடினார். தற்குறிப்பேற்றத்திற்கு நாம் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு இது. தண்டியலங்காரம் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது.

இனி அந்த வழக்கு. தொல்காப்பியத்திற்கு உரை வகுத்த பேராசிரியர், உவமவியலின் இறுதியில், தொல்காப்பியத்தின் பல இடங்களிலிருந்தும் சிலவற்றை எடுத்துக்கொண்டு 'இவையே செய்யுளின் அணிகள்' என்று தனிநூல் செய்வோரை மறுக்கிறார். அவர் காட்டும் காரணம் ஆழமானது. வல்லவர் கையாண்டால் அணியாவது, வல்லமையற்றவர் கையாண்டால் அணியாகாது; ஆகவே இன்னது அணி என்று அறுதியிட்டு இலக்கணம் கூறுவது பொருந்தாது என்பது அவர் வாதத்தின் சாரம். என் சிறு கருத்தில், மதிப்பெண் திட்டத்தின் தலைப்பிலேயே எழுதிவைக்கத்தக்க வாதம் இது. 'நிலவு போன்ற முகம்' என்பதும் உவமைதான். ஆயிரம் திரைப்பாடல்களில் தேய்ந்துபோன உவமை. பெயரைக் கண்டறிந்ததற்கு மட்டும் மதிப்பெண் என்றால் இதற்கும் நன்முல்லையார் பாடலுக்கும் ஒரே மதிப்பெண்தான்.

பெயர்களும் ஒன்றாய் இருந்ததில்லை. மயிலிறகே ஆயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற குறளைப் பிறிது மொழிதல் என்று குறித்த பரிமேலழகர், அதனை ஒட்டு என்பாரும் நுவலா நுவற்சி என்பாரும் உண்டு என்று சேர்த்தே எழுதினார். ஓர் உத்திக்கு மூன்று பெயர்கள். விடைத்தாள் திருத்தும் நண்பர்களே, 'ஒட்டணி' என்று எழுதிய மாணவனுக்குச் சுழியம் போடுமுன் சற்று நிதானியுங்கள்.

மூன்றாம் அடுக்கு நம் காலத்தது. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழைச் சூழ்ந்து புதுக்கவிதை வளர்ந்தபோது பழைய பெயர்கள் போதவில்லை. படிமம், குறியீடு ஆகிய கருத்துகள் மேலைத் திறனாய்விலிருந்து வந்தன. நாவல் பாடத்தில் வரும் நனவோடை உத்தியும் அவ்வாறே. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் உளவியல் நூலில் விளக்கியதை, 1918இல் மே சின்கிளேர் ஒரு நாவலைத் திறனாயப் பயன்படுத்தினார். ஒரே வினாத்தாளில் உவமையும் தற்குறிப்பேற்றமும் நனவோடையும் அடுத்தடுத்து நிற்கும்போது, அவற்றுக்கிடையே எத்தனை நூற்றாண்டுகள் உள்ளன என்பதை மாணவன் அறிவதில்லை.

மலேசியப் பெற்றோர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. நம் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் 'செய்யுளும் மொழியணியும்' என்ற கூறு இருக்கிறது. அங்கே மொழியணி என்பது இணைமொழி, இரட்டைக்கிளவி, மரபுத்தொடர், பழமொழி முதலியவற்றைக் குறிக்கும். அவை மொழிக்கு அழகூட்டுபவைதாம். ஆனால் தண்டியலங்காரம் கூறும் அணிகள் அல்ல. ஆண்டு ஆறு வரை 'அணி' என்று இவற்றைப் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் 'இப்பாடலின் அணிநயத்தை விளக்குக' என்ற வினாவுக்கு ஒரு பழமொழியைத் தேடினால் அது பிள்ளையின் குற்றமன்று.

உயர்நிலை மாணவர்களுக்கு நான் அந்த எருமைக் காட்சியைத்தான் முதலில் சொல்கிறேன். தோழி ஏன் எருமையைப் பற்றிப் பேசினாள் என்று மட்டும் கேட்பேன். சிறிது நேரம் வகுப்பு அமைதியாக இருக்கும். பிறகு யாராவது ஒருவர், பெரும்பாலும் பின்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி, மெல்லச் சிரிப்பாள். அதன் பின்னரே 'உள்ளுறை உவமம்' என்று பலகையில் எழுதுகிறேன்.