ஏரிக்கரையில் கூடாரம் போட இடம் பார்ப்பது எப்படி? கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சொந்தக் கதை

பதிவு கொஞ்சம் நீளம். வாத்தியார் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து என் மாணவன் ஒருவன் போனில் பேசினான். அவனுக்கே ஐம்பது வயது தாண்டிவிட்டது, ஆனாலும் எனக்கு 'அவன்' என்றுதான் வாயில் வருகிறது. அங்கே கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏதாவது ஏரிக்கரைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவார்களாம். சில சமயம் கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்து அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்குவார்களாம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். "சார், பசங்களுக்கு நம்ம ஊர் ஏரியைக் காட்டணும். அன்னிக்கு ஸ்கவுட் கேம்ப்புக்கு எங்களை மாடம்பாக்கம் கூட்டிட்டுப் போனீங்களே, அந்த மாதிரி ஒரு ராத்திரி தங்கணும். தாம்பரம் பக்கத்துல எந்த ஏரி நல்லது?" என்று கேட்டான்.

"எழுதி அனுப்புறேன்பா" என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது, ஏரியின் பெயரைவிட இடம் பார்க்கும் முறை முக்கியம் என்று தோன்றியது. அந்த விஷயத்தில் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய உண்மை ஒன்றும் பாக்கி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கூடாரம் அடிப்பது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். தமிழில் அதற்குப் 'பாசறை' என்று பழைய பெயர் உண்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டு, மழைக்காலத்தில் ஓர் அரசன் போர் நிமித்தம் தங்கியிருக்கும் பாசறையைக் காட்டுகிறது. காட்டாற்றை ஒட்டிய இடம். புதர்களை வெட்டி அகற்றிச் சுற்றிலும் முள்வேலி போட்டிருக்கிறார்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் பத்தாவது பகுதி தொடங்குவதே படை முகாம் அமைப்பதைப் பற்றித்தான். மனைநூல் தெரிந்தவர்கள் பார்த்து நல்லது என்று சொன்ன இடத்தில் முகாம் போட வேண்டும் என்கிறது. போகும் வழியில் புல், விறகு, தண்ணீர் எங்கெங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்கெடுக்கச் சொல்கிறது. இரண்டாயிரம் வருடமாக இடம் பார்ப்பதன் அடிப்படை மாறவில்லை.

கும்பினி ஆட்சியில் கலெக்டர்கள் வருடத்தில் பல மாதங்கள் கூடாரத்தில்தான் இருந்தார்கள். மாந்தோப்பு நிழலில் டேரா அடித்து ஜமாபந்தி நடத்துவார்கள். கிராமக் கணக்குப்பிள்ளை கட்டுக் கட்டாகக் கணக்குகளைக் கொண்டுபோய் அங்கேதான் காட்டுவார். இன்றைக்கும் சில அரசாங்கக் கடிதங்களின் தலைப்பில் 'முகாம்' என்று போட்டு ஊர்ப்பெயர் எழுதுகிறார்களே, அது அந்தக் கூடார வாழ்க்கையின் மிச்சம்.

அப்படிப்பட்ட கலெக்டர்களில் நம் வட்டாரத்துக்கு வேண்டியவர் ஒருவர் உண்டு: லயனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை கும்பினியின் ஜாகீருக்குக் கலெக்டர். பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டம் ஆனது இந்த ஜாகீர்தான்; நம் தாம்பரமும் பல்லாவரமும் அதில் அடக்கம். 1780-ல் ஹைதர் அலி படையெடுத்ததிலிருந்து இந்தச் சீமை பாழாகிக் கிடந்தது. ஏரிகள் உடைந்து தூர்ந்து போயிருந்தன. அவற்றைப் பழுதுபார்ப்பதைப் பெரிய வேலையாக எடுத்துச் செய்தவர் பிளேஸ்.

தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே போனால் வரும் மதுராந்தகம் ஏரிக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கரை திரும்பத் திரும்ப உடைந்துகொண்டிருந்ததாம். மழைக்காலத்தில் கலெக்டரே வந்து தங்கினாராம். ஒரு ராத்திரி பேய்மழை. கரை என்ன ஆயிற்றோ என்று பார்க்கப் போனவர் கண்ணுக்கு, வில்லும் கையுமாக இரண்டு பேர் கரையைக் காவல் காப்பது தெரிந்ததாம். ராமரும் லட்சுமணரும்தான் அது என்று நம்பி, தாயார் சன்னிதியைக் கட்டிக் கொடுத்தாராம். அதனால்தான் அங்கே பெருமாளுக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பெயர். தாயார் சன்னிதியில் அவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. காட்சியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் வகுப்பில் வேறொன்றைச் சொல்வேன்: ஏரிக்குப் பக்கத்தில் தங்குகிறவனின் கவலையெல்லாம் கரை மேல் இருக்க வேண்டும், மழை பெய்தால் படுத்துத் தூங்கக் கூடாது.

இனி சாரணர் இயக்கம். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களைக் கூட்டி முதல் முகாம் நடத்தினார். இந்தியாவுக்கு இயக்கம் வந்தபோது ஆரம்பத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டுமே இடம். நம் பையன்களுக்காக அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். 1950 நவம்பரில் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. அதன் காக்கிச் சட்டையும் ஸ்கார்ஃபும் போட்டுக்கொண்டுதான் 1984 செப்டம்பரில், காலாண்டு விடுமுறையில், இருபத்திரண்டு பையன்களோடு மாடம்பாக்கம் போனேன்.

அன்றைய மாடம்பாக்கத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். யானையின் முதுகு போன்ற கருவறை கொண்ட தேனுபுரீஸ்வரர் கோயில், சோழர் காலத்தது. ஏரி, வயல், பனைமரம், அவ்வளவுதான். கோடை முழுவதும் வற்றிப்போன ஏரியில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். ஓரத்தில் பாய் விரித்தது போலப் புல்தரை. சமதளம், கல் இல்லை, முள் இல்லை. இதைவிட நல்ல இடம் ஏது என்று அங்கேயே முளை அடிக்கச் சொல்லிவிட்டேன்.

நாலு கூடாரம் எழும்பிய பிறகு ஒரு பெரியவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிடுகிறவரை அப்படித்தான் சொல்வோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "வாத்தியாரே, இது தண்ணி படுக்குற எடம். நீங்க படுக்காதீங்க" என்றார்.

வானத்தில் பெரிய மேகம் எதுவும் இல்லை. பையன்கள் களைத்திருந்தார்கள். எனக்கும் சலிப்புதான். ஆனாலும் அவர் பேச்சில் இருந்த நிதானம் என்னை யோசிக்க வைத்தது. எல்லாவற்றையும் பிடுங்கி, அவர் காட்டிய மேட்டுக்கு மாற்றினோம். ராத்திரி பதினொரு மணிக்கு இடியோடு பிடித்த மழை மூன்று மணி வரை விடவில்லை. விடிந்து பார்த்தால், வரத்துக் கால்வாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, நாங்கள் முதலில் முளை அடித்த இடத்தில் முழங்கால் அளவு நின்றது. போனில் பேசிய மாணவன் அன்று அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவன்.

அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது என்ன? ஏரியில் தண்ணீர் இல்லாதபோதும் அதற்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீர் வரும் வழி வரத்துக் கால்வாய். நிறைந்தால் பரவும் இடம் உள்வாய். மிஞ்சினால் வழியும் இடம் கலிங்கல். பாசனத்துக்குப் போகும் வழி மதகு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரியைப் பராமரிக்கவே 'ஏரி வாரியம்' என்று ஊர்ச்சபையில் ஒரு குழு இருந்ததைச் சொல்கின்றன. ஆயிரம் வருடத்து அந்த அறிவின் கடைசிக் கண்ணிதான் மண்வெட்டியோடு வந்த பெரியவர்.

நம் பக்கத்து ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் இல்லை. ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்கு வரத்து. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லப்பாக்கம் பக்கத்துத் தண்ணீர் செம்பாக்கத்துக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புக்கும், அப்புறம் ஒக்கியம் மடுவு வழியாகக் கடல் பக்கமும் போகும். மேற்கே ஆதனூர் பக்கத்துத் தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாறாக ஓடும். ஊர்க்காரர்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் மேடான இடத்தில் குடியிருந்தார்கள். கிராம வரைபடத்தில் 'நத்தம்' என்று இருப்பது அந்தக் குடியிருப்புதான். நத்தம் என்பது நம் முன்னோர்கள் பார்த்து வைத்த முகாம் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்ல வேண்டிய உண்மை.

1994-ல் பி.எஃப். கடன் போட்டு முடிச்சூர் பக்கம் ஒரு கிரவுண்டு மனை வாங்கினேன். சித்திரை மாத வெயிலில் போய்ப் பார்த்தோம். சமதளம், கல் இல்லை, முள் இல்லை. "ஏங்க, மழை பெஞ்சா தண்ணி நிக்குமா?" என்று என் மனைவி கேட்டாள். புரோக்கர் நீட்டிய லேஅவுட் காகிதத்தைக் காட்டி அவளைப் பேசவிடாமல் செய்தேன். பக்கத்து டீக்கடையில் ஒரு வயசானவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. வருடா வருடம் சாரணர் வகுப்பில் "இடம் பார்க்கும்போது உள்ளூர்ப் பெரியவரைக் கேள்" என்று போர்டில் எழுதிப் போட்ட வாத்தியார் நான். ஒரு ராத்திரி தங்க அவ்வளவு பார்த்தவன், ஆயுசுக்கும் தங்க எதையும் பார்க்கவில்லை.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அன்று ராத்திரி தண்ணீர் வாசற்படி ஏறியது. விடிவதற்குள் ஜன்னல் மட்டம். இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்தோம். பிறகு படகில் வந்து இறக்கினார்கள். மனைவி படகில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அதற்குள் நாங்கள் மகள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எனவே, கூடாரம் போடுகிறவர்களும் மனை வாங்குகிறவர்களும் ஏரிப் பக்கம் போனால் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதுகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வரத்துக் கால்வாயைத் தேடுங்கள். காய்ந்து கிடந்தாலும், குப்பை மூடிக் கிடந்தாலும் அது கால்வாய்தான்.

2. நிறைந்தால் எதுவரை நிற்கும்? கலிங்கலின் மேல்மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் சமமட்டமாக நிற்கும் என்பதால், ஏரிக்குள் அந்த மட்டத்துக்குத் தாழ்ந்த இடமெல்லாம் ஏரிதான்.

3. மிஞ்சினால் எங்கே போகும்? கலிங்கலுக்கும் மதகுக்கும் கீழே தங்கவே கூடாது. கரை மேலும் கூடாது. அது மண் கரை. முளை அடிக்கவோ கேரவன் வண்டி ஏற்றவோ கட்டியதில்லை.

4. தலைக்கு மேல் என்ன இருக்கிறது? ஒற்றைப் பனை மேல் இடி விழும். பட்டுப்போன கிளை காற்றில் விழும்.

5. யாருடைய இடம்? பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடம், சிறியவை உள்ளாட்சியிடம், காடு வனத்துறையிடம். அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது.

6. உள்ளூரில் வயதானவர் என்ன சொல்கிறார்? இதை முதலில் கேட்டாலும் தப்பில்லை.

இனி உன் கேள்விக்குப் பதில், தம்பி. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் ராத்திரி தங்காதே. வீடுகள் நெருங்கிவிட்டன, பல ஏரிகளில் கழிவுநீர் கலக்கிறது. காலையில் சிட்லப்பாக்கம் ஏரிக்கரையில் பிள்ளைகளை நடக்க வை. மாடம்பாக்கம் கோயிலைக் காட்டு. அப்புறம் வேடந்தாங்கல் போ. ஜனவரியில் பறவைகள் நிறைய இருக்கும். 1790-களில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய்ச் சுடக்கூடாது என்று கவுல் வாங்கி வந்த ஊர் அது. சரணாலயத்துக்குள் கூடாரம் முடியாது. வெளியே ஊருக்குள் மேட்டில் தோப்பு வைத்திருக்கும் யாரையாவது நேரில் கேட்டு, அனுமதி வாங்கித் தங்கு. குடிதண்ணீர் கையில் கொண்டு போ. குப்பையைத் திரும்பக் கொண்டு வா. உடம்பு ஒத்துழைத்தால் நானும் வருகிறேன், இடம் பார்த்துத் தர.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2015 வெள்ளத்தில் என் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த உங்கள் வகுப்பு குரூப் போட்டோக்கள் எல்லாம் ஊறிப் போய்விட்டன. 1984 மாடம்பாக்கம் முகாம் போட்டோவும் அதில் இருந்தது. பெரியவரைக் கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்து எடுத்தது. யாரிடமாவது பிரதி இருந்தால் அனுப்புங்கள். அவர் முகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.