பத்தில் ஒரு நொடி யாருடையது? பின்சக்கர, நான்கு சக்கர இயக்கங்களின் முடுக்கம் குறித்து ஒரு மறுவாசிப்பு

போர்ஷே நிறுவனம் 2015இல் வெளியிட்ட 911 கரேரா அட்டவணையில் ஒரு வரிசை தலைகீழானது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டுவதில் அதுவரை பின்சக்கர இயக்கக் கரேராவுக்குப் பின்தங்கியோ சமமாகவோ இருந்த நான்கு சக்கர இயக்கக் கரேரா 4, அதை முந்தியது. இப்படி நடப்பது இதுவே முதன்முறை என்று நிறுவனமும் அறிவித்தது. அதன்பின் வந்த எழுத்துகளில் ஒரு முடிவு ஏறக்குறைய ஏகமனதாக நிலைத்துவிட்டது: நான்கு சக்கர இயக்கம் முதிர்ந்துவிட்டது, இனி முடுக்கத்தில் அதுவே மேல். அட்டவணையை முழுதாகப் படித்தால் இந்த முடிவு அதிலிருந்து கிடைக்காது என்பது என் கருத்து.

எண்களைப் பார்ப்போம். எல்லாம் பிடிகே எனும் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி பொருத்திய வண்டிகளுக்கு உரியவை. 2011–12 தலைமுறையில் கரேராவுக்கு 4.6 நொடி, கரேரா 4க்கு அதைவிட மெதுவாக 4.7 நொடி. அதே தலைமுறையின் கரேரா எஸ், 4எஸ் இரண்டுக்கும் 4.3 நொடிதான். 2015 தலைமுறையில் கரேராவுக்கு 4.4, கரேரா 4க்கு 4.3, எஸ்ஸுக்கு 4.1, 4எஸ்ஸுக்கு 4.0. புறப்பாட்டுக் கட்டுப்பாடு அடங்கிய ஸ்போர்ட் குரோனோ தொகுப்புடன் வாங்கினால் எட்டு எண்களிலும் 0.2 நொடி குறைகிறது. பின்சக்கர, நான்கு சக்கர வண்டிகள் சேர்ந்த ஒவ்வோர் இணைக்குள்ளும் உள்ள இடைவெளி மட்டும் அசையவில்லை. ஆகவே புறப்பாட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருள்தான் வரிசையை மாற்றியது என்ற விளக்கம் தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது.

இந்த நான்கு இணைகளையும் ஆண்டு வாரியாக வைத்துப் பார்ப்பதே இதுவரை வழக்கம். எஞ்சினின் உச்ச முறுக்குவிசை வாரியாக அடுக்கிப் பாருங்கள். 390 நியூட்டன் மீட்டரில் நான்கு சக்கரத்துக்கு 0.1 நொடி நட்டம். 440இல் சமம். 450இல் 0.1 நொடி ஆதாயம். 500இல் அதே 0.1. ஒரு இடத்திலும் வரிசை பின்னோக்கித் திரும்பவில்லை. முதிர்ச்சி என்று பேசப்படுவது, முறுக்குவிசை ஏற ஏறப் பின்னச்சு திணறத் தொடங்குவதன் மறுபெயராக இருக்கலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2015இல் எஞ்சின் மட்டும் மாறவில்லை. டர்போ இல்லாத 3.4, 3.8 லிட்டர் எஞ்சின்களின் இடத்தில் 3.0 லிட்டர் இரட்டை டர்போ வந்தபோதே, முன்னச்சுக்கு விசை அனுப்பும் கிளட்சும் மின்-நீரியல் கட்டுப்பாட்டுக்கு மாறியது. ஆதாயத்துக்குக் கிளட்சே காரணம் என்று ஏன் கொள்ளக்கூடாது? 440க்கும் 450க்கும் இடையிலான தாவலில் அதற்குப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்து நியூட்டன் மீட்டர் தனியாக அவ்வளவு செய்துவிடாது. தாழ்ந்த சுழற்சியிலேயே முழு முறுக்குவிசையைத் தரும் டர்போவின் இயல்பும் அங்கே சேர்ந்திருக்கிறது. ஆனால் 390இலிருந்து 440க்குப் போகும் படி ஒரே தலைமுறைக்குள் நிகழ்கிறது. அங்கே கிளட்ச் ஒன்றுதான், எடைக்கூடுதலும் ஒன்றுதான்: நான்கு சக்கர வண்டிக்கு 50 கிலோ அதிகம். மாறியது எஞ்சின். அந்தப் படியிலேயே நட்டம் மறைந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு: 2012இன் கரேரா 4க்குப் பின்டயர்கள் 10 மில்லிமீட்டர் அகலம் கூடுதல். அந்தச் சலுகையோடும் அது பின்தங்கியது.

எண்கள் ஒரு தசம இடத்தோடு நின்றுவிடுவதால், 0.1 என்று தெரியும் வேறுபாடு உண்மையில் ஏறத்தாழ ஒன்றுமில்லாததாகவோ 0.2ஐ நெருங்கியதாகவோ இருக்கலாம். நான்கு புள்ளிகளை வைத்து விதி எழுத முடியாது. ஆயினும் அந்த நான்கும் எளிய இயக்கவியல் காட்டும் திசையிலேயே நிற்கின்றன.

911இன் எடையில் சுமார் 61 விழுக்காடு பின்னச்சில் இருக்கிறது. ஈர்ப்புமைய உயரத்தைச் சக்கர இடைத்தூரத்தால் வகுத்தால் 0.19 வருகிறது என்று கொள்வோம். உராய்வுக் கெழு 1 ஆக இருக்கும் காய்ந்த சாலையில், பின்சக்கர வண்டியின் உச்ச முடுக்கம் 0.61ஐ 0.81ஆல் வகுத்த அளவு. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.75 மடங்கு. நான்கு சக்கரங்களும் முழுதாக இழுத்தால் ஒரு மடங்கு. 350 குதிரைத்திறன் வண்டிக்கு இந்த வேறுபாடு 100 கி.மீ. வேகத்துக்குள் ஏறத்தாழ அரை நொடி ஆதாயம் தரவேண்டும் என்று கணக்கு சொல்கிறது. அட்டவணையோ 0.1 நொடி நட்டத்தைக் காட்டுகிறது. அந்த அரை நொடி எங்கே போனது? புறப்படும் கணத்தில் எடை பின்னோக்கிச் சாய்ந்து, முக்கால் பங்கு பின்னச்சின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. ஒட்டும் டயர்களில் கெழு 1ஐத் தாண்டினால் பின்னச்சின் எல்லை இன்னும் உயர்கிறது. 390 நியூட்டன் மீட்டர் எஞ்சின் அந்த எல்லையைத் தாண்டிக் கொடுக்கும் மிச்சம் சொற்பம். மிச்சமில்லாத இடத்தில் முன்னச்சு இழுக்க ஒன்றுமில்லை, 50 கிலோவைச் சுமப்பது மட்டும் மீதி.

காவிரி டெல்டாவின் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் இந்தக் கணக்கை 911 இல்லாமலே சரிபார்க்கலாம். (இருந்தாலும் அதை வயலில் இறக்க யாரும் விடமாட்டார்கள்.) இரு சக்கர இயக்க டிராக்டரும் எடையில் மூன்றில் இரண்டு பங்கைப் பின்னச்சில் வைத்திருக்கும் வண்டிதான். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து தொளி உழவு (சேற்றுழவு) தொடங்கியதும் பின்டயரோடு கேஜ் வீலைப் பூட்டி இறக்குகிறார்கள். பின்னச்சின் பிடிமானத்தை எந்திர வழியில் கூட்டும் ஏற்பாடு அது. ஸ்போர்ட்ஸ் காருக்கு அகல டயர் செய்வதை இங்கே இரும்புச் சட்டம் செய்கிறது. அதையும் மீறி வண்டி புதைந்தால் சிலர் சக்கரத்தின் குறுக்கே கட்டையைக் கட்டி ஏற்றப் பார்ப்பார்கள். சக்கரம் சுழல வழியில்லாதபோது வண்டியின் உடலே அச்சைச் சுற்றிச் சுழலும். முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும். எடைப்பெயர்ச்சியின் கடைசி எல்லை அது. ஃபோர் வீல் டிராக்டர் சேற்றில் வெல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இழுக்காத முன்சக்கரம் தொளியைக் கிழித்துக்கொண்டு தள்ளப்படும் சுமையாகிவிடுகிறது. தார்ச்சாலையில் இந்தக் காரணம் இல்லை. எனவே வயலின் அனுபவத்தை அப்படியே சாலைக்கு நீட்டுவது தவறு. பிடிமானம் குறையக் குறைய முன்னச்சின் மதிப்பு ஏறும் என்ற அளவில் மட்டும் அது சான்று.

இந்த இரண்டு உலகங்களும் ஒரே பெயரில் சந்தித்ததுண்டு. சென்னை டாஃபே தயாரித்து டெல்டா வயல்களில் ஓடும் மாஸி ஃபெர்குசன் டிராக்டரின் பெயருக்கு உரிய ஹாரி ஃபெர்குசன் தொடங்கிய ஆய்வு நிறுவனமே பி99 என்ற நான்கு சக்கர இயக்கப் பந்தயக் காரையும் செய்தது. 1961 செப்டம்பரில் ஓல்டன் பார்க் கோல்டு கோப்பையை ஸ்டிர்லிங் மாஸ் அதில் வென்றார். உலகப் பட்டத்துக்குக் கணக்கில் சேராத பந்தயம் அது, தடமும் ஈரம். ஃபார்முலா ஒன் வகைப் பந்தயத்தில் நான்கு சக்கர இயக்கம் பெற்ற ஒரே வெற்றி அதுதான். 1969இல் லோட்டஸ், மாட்ரா, மெக்லாரன் மூன்றும் மூன்று லிட்டர் எஞ்சினோடு அதே வழியில் இறங்கிச் சில மாதங்களில் கைவிட்டன. மிதமிஞ்சிய ஆற்றல் இருந்தது. ஆனால் இறக்கைகளும் அகல டயர்களும் பின்னச்சுக்குத் தேவையான பிடிமானத்தை வேறு வழியில் தந்துவிட்டன. எஞ்சின் தரும் விசைக்கும் பின்னச்சு தாங்கும் விசைக்கும் உள்ள விகிதமே முடிவு செய்கிறது என்பதற்கு 2015 அட்டவணையைவிட 1969 நல்ல சான்று. முதிர்ச்சிக் கதை சொல்வோர் அந்த ஆண்டைத் தொடுவதில்லை.

2021இன் பிஎம்டபிள்யூ எம்3 காம்பெடிஷனில் இடைவெளி 0.4 நொடியாக இருந்தது: 510 குதிரைத்திறன் பின்சக்கர வண்டிக்கு 3.9, அதே திறனுள்ள நான்கு சக்கர இயக்க எக்ஸ்டிரைவுக்கு 3.5. இது என் வாசிப்புக்கு எதிரான சான்றாகக் காட்டப்படலாம். எஞ்சின் முன்னால் இருக்கும் வண்டி அது. பாதி எடைதான் பின்னச்சில் என்று கொண்டால் மேற்சொன்ன கணக்கில் பின்சக்கரத்தின் எல்லை 0.62 மடங்குக்கு இறங்கிவிடுகிறது. 650 நியூட்டன் மீட்டர் அதை எளிதில் மீறும். இடைவெளி விரிவது எதிர்பார்த்ததே. மின்கார்களில் நான்கு சக்கர இயக்கம் முந்துவதைக் காட்டி எழுப்பப்படும் கேள்விக்கும் இதே பதில். உடனடி முறுக்குவிசை என்பது மிச்சத்தின் இன்னொரு வடிவம். முதல் ஓர் அடி நகர்வைக் கணக்கில் சேர்க்காத அமெரிக்க இதழ்ச் சோதனை முறை, மேற்சொன்ன 911 கணக்கில் இடைவெளியைச் சுமார் 0.04 நொடி சுருக்கிக் காட்டும். வரிசையை மாற்ற அது போதாது.

தீர்க்கமான சோதனை காய்ந்த தடத்தில் கிடைக்காது. கெழு 0.5 உள்ள சாலையை எடுத்துக்கொண்டால், முடுக்கியை முழுதாக மிதிக்காமலே இரு வண்டிகளின் எஞ்சினுக்கும் மிச்சம் இருக்கும். எஞ்சின் வேறுபாடு ஏறக்குறைய அழிந்து, இயக்கமுறை மட்டும் தனியாகத் தெரியும். அங்கே பின்சக்கர 911 புவியீர்ப்பின் 0.34 மடங்கைத் தாண்டாது, 100 கி.மீ. எட்ட ஏறத்தாழ 8.4 நொடி. நான்கு சக்கரத்துக்கு 5.7. அறுவடைக் காலத்தில் வைக்கோலும் வயற்சேறும் படிந்து, மேலே மழையும் தூறிய டெல்டாச் சாலையில் கெழு இதற்கும் கீழே போகலாம். அட்டவணைக்காரர்கள் பத்தில் ஒரு நொடியைத் தேடிக்கொண்டிருக்கும் இடத்தில், இந்தக் கணக்கு காட்டும் இடைவெளி 2.7 நொடி.