ஏரிப் புறம்போக்கும் பாசன உரிமையும்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. பெரும்பாலானவற்றின் கரையும் நீர்ப்பரப்பும் வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு, அதாவது அரசு நிலம். தண்ணீரோ அந்தந்த ஏரியால் பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலங்களுக்கு வழிவழியாக உரியது. நன்செய் என்று பதிவான நிலத்தின் தீர்வையிலேயே தண்ணீருக்கான பங்கும் அடங்கியிருந்தது. அதற்கு மேல் அரசு நீரைப் பாய்ச்சினால் தனியே வரி விதிக்க 1865-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. நிலம் அரசிடமும் நீருரிமை உழவரிடமும் இருப்பதில் தவறில்லை. ஏரி தரும் வருமானத்துக்கும் ஏரியைப் பேணும் கடமைக்கும் இருந்த தொடர்பு அறுந்ததில்தான் கேடு தொடங்கியது.

40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்துடையது. எல்லையை அளக்க வருவாய்த் துறை வேண்டும். வண்டல் அள்ளக் கனிமவிதிப்படி அனுமதி வேண்டும். 1980-களில் சமூகக் காடு வளர்ப்பு என்று ஏரியின் நீர் தேங்கும் உள்வாயில் கருவேலம் நட்டார்கள். அதை வெட்டி ஏலம் விட இன்னொரு துறை. மீன் குத்தகைக்கு வேறொரு கணக்கு. மதகுப் பலகை உளுத்தால் மாற்ற மட்டும் யாரிடமும் பணமில்லை. முன்பு, மடை திறந்து வயல்வயலாகத் தண்ணீர் கட்டிய நீர்க்கட்டிக்கு அறுவடைக் களத்தில் நெல் அளந்தார்கள். கிணறும் பம்புசெட்டும் வந்தபின் வசதியுள்ளவர்களுக்கு அவர் தேவைப்படவில்லை.

ஆக்கிரமிப்புதானே மூலக் காரணம், அகற்றினால் போதாதா என்பார்கள். அதற்கு 1905-ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. 2007-இல் ஏரிகளுக்கென்றே தனிச் சட்டமும் வந்தது. ஆனால் உள்வாயில் பயிரிடுபவருக்கு ஏரி நிரம்புவதே நட்டம். மடையைத் திறந்துவிடவோ உபரி நீர் வழியும் கலங்கலை உடைக்கவோ ஓர் இரவு போதும். அதிகாரி எப்போதோ வருவார். அன்றாடம் பார்த்துத் தடுக்கக்கூடியவர் ஆயக்கட்டுக்காரர்தான், அவருக்கும் ஏரியால் ஆதாயம் இருந்தால்.

ஏரியை ஊரிடம் விட்டால் ஆதிக்க சாதியிடம் விட்டதாகும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ஊரார் உழைத்து ஏரியைப் பேணிய பழைய குடிமராமத்து முறையும் பொற்காலம் அல்ல. ஊர் உழைப்பை வாங்க 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டமே தேவைப்பட்டது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் நிலம் உள்ளவர்களை மையமாகக் கொண்டவை. மாடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் கூலிப் பெண்களும் அவற்றுக்கு வெளியே நிற்கிறார்கள். ஆகவே நில உரிமையை அரசே வைத்துக்கொள்ளட்டும். மரம், மீன், வண்டல் வருமானம் அந்தந்த ஏரியின் பெயரிலேயே கணக்காகி, நிலமற்றோரும் அமரும் குழுவின் கையில் செலவாக வேண்டும். 2017-இல் மீண்ட குடிமராமத்துத் திட்டம் செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகளிடம் கேட்டதே தவிர, இந்தக் கணக்கைத் தொடவில்லை. ஏரி நிரம்பினால் ஊறும் கிணற்றின் சொந்தக்காரரையும் ஏரியைப் பேணும் செலவில் பங்கு செலுத்த வைப்பது கடினம்தான். அவரை விட்டுவிட்டால் கடைமடைச் சிறு விவசாயியின் தலையில்தான் அந்தச் சுமையும் விழும்.