கொழும்பில் ஆடப்படாத இரண்டு ஆட்டங்கள்

1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணி, அத்தொடரில் எட்டு ஆட்டங்களில் வெற்றி பெற்றதாகப் பதிவேடுகள் கூறுகின்றன. அவற்றுள் இரண்டு தொடங்கவேயில்லை, ஒன்று முடிவடையவில்லை. முதலிரண்டுக்கும் காரணம், அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தமை. மூன்றாவதற்குக் காரணம், கல்கத்தா ரசிகர்கள் மைதானத்துக்குள் போத்தல்களை எறிந்தமை. எட்டில் மூன்று ஆட்டங்களின் முடிவை ஆட்டக்காரர்களைவிட நகரங்களே தீர்மானித்த விசித்திரமான உலகக் கிண்ணம் அது.

பெரும் போட்டிகளை எந்த நகரில் நடத்தலாம், எந்த நகரில் நடத்தலாகாது என்ற வாதம் இப்போது ஒவ்வொரு தொடருக்கு முன்னரும் எழுகிறது. 2025இல் சம்பியன்ஸ் கிண்ணத்தைப் பாகிஸ்தான் நடத்தியபோது இந்திய அணி அங்கு செல்லவில்லை. இந்தியா இறுதிக்குத் தெரிவானதால் இறுதியாட்டமே டுபாய்க்குப் போயிற்று. அதைப்பற்றி இளைஞர்கள் சூடாக வாதிடுவதைக் கேட்டபோது, 1996 பெப்ரவரியில் கொழும்பில் கேட்ட குரல்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அப்போது நான் கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையொன்றின் ஆசிரிய பீடத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அந்த விவாதம் குறித்து ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. எழுதப்படாத ஒரு பக்கமும் அதற்கு உண்டு.

முதலில் நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1996 ஜனவரி 31 முற்பகலில், விடுதலைப் புலிகளின் வெடிமருந்து லொறியொன்று கொழும்பு கோட்டையிலுள்ள மத்திய வங்கியின் வாயிலை மோதி வெடித்தது. 90 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். சுமார் 1,400 பேர் காயமடைந்தனர். பறந்த கண்ணாடித் துண்டுகளால் பார்வையை இழந்தவர்கள் பலர். சுற்றியிருந்த நட்சத்திர ஹோட்டல்களும் சேதமடைந்தன. இலங்கை - அவுஸ்திரேலியா ஆட்டம் ஆர். பிரேமதாச மைதானத்தில் பெப்ரவரி 17ஆம் திகதி நடைபெறவிருந்தது. இடையில் இருந்தவை பதினேழே நாட்கள்.

உலகக் கிண்ண ஆட்டங்கள் இலங்கை மண்ணுக்கு வந்தது அதுவே முதற்தடவை. இந்தியா, பாகிஸ்தானுடன் சேர்ந்து நடத்தும் தொடரில் நான்கு ஆட்டங்கள் இலங்கைக்குக் கிடைத்திருந்தன. அவற்றுள் பெரிய ஆட்டங்கள் இரண்டும் அந்த மைதானத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. நகரத்தின் கௌரவமே அந்த இரு நாட்களில் தங்கியிருப்பதாகக் கொழும்பு ரசிகர்கள் கருதினர். அரசுத் தலைவர்களுக்கு நிகரான பாதுகாப்பு அளிப்பதாக அரசாங்கம் சொல்லிப் பார்த்தது. இரு அணிகளும் அசையவில்லை. புள்ளிகளை விட்டுக்கொடுத்தாலும் கொழும்பில் கால் வைப்பதில்லை என்றார்கள்.

அந்தக் கோபத்துக்கு ஒரு முன்கதையும் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னர்தான், 1995 டிசம்பர் 26 அன்று, மெல்பேர்ண் மைதானத்தில் முத்தையா முரளிதரன் பந்தை எறிவதாக நடுவர் டரல் ஹெயார் திரும்பத் திரும்ப அறிவித்திருந்தார். அந்தக் காயம் ஆறாதிருந்த ரசிகர்களுக்கு, அவுஸ்திரேலியர்கள் குண்டுக்கு அஞ்சுகிறார்களா, கொழும்பு ரசிகர்களின் முகத்துக்கு அஞ்சுகிறார்களா என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. கடை வீதிக்குப் போகும்போது தாக்கப்படலாம் என்ற கருத்தில் ஷேன் வோர்ன் ஏதோ சொல்லிவைத்தார். கடைக்குப் போவதெல்லாம் கோழைகளின் வேலை என்ற பொருளில் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் பதிலளித்தார். மறுநாள் தேநீர்க் கடைகளில் அந்தப் பதிலைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. சொன்னவர் ஒரு தமிழர் என்பதும், ஒன்பது ஆண்டுகளின் பின், 2005 ஆகஸ்ட் 12 அன்று, கொழும்பிலுள்ள தமது சொந்த வீட்டிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதும் வரலாறு.

அவுஸ்திரேலியர்களின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட என்னால் முடிந்ததில்லை. 1987 ஏப்ரல் 21 அன்று புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தபோது நியூசிலாந்து அணி கொழும்பில் இருந்தது. அத்துடன் சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக எந்த நாடும் இங்கு டெஸ்ட் ஆட வரவில்லை. 1992 நவம்பரில் அதே நியூசிலாந்து மீண்டும் வந்தது. அணி தங்கியிருந்த ஹோட்டலுக்கு வெளியே காலிமுகத்திடல் வீதியில் கடற்படைத் தளபதி கிளான்ஸி பெர்னாண்டோ தற்கொலைக் குண்டுதாரியால் கொல்லப்பட்டார். வீரர்கள் ஐவரும் பயிற்றுநரும் நாடு திரும்பினர். ஏனையோர் தங்கி ஆடினர். ஒரே ஹோட்டலில், ஒரே காட்சியைக் கண்ட ஓர் அணிக்குள்ளேயே இரு முடிவுகள் இருக்குமாயின், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தொலைக்காட்சியில் புகையைப் பார்த்த குடும்பங்கள் என்ன முடிவுக்கு வந்திருக்கும்?

எங்கள் அலுவலகத்திலும் இந்த வாதம் நாள்தோறும் நடந்தது. விளையாட்டுப் பக்கத்தைக் கவனித்த நண்பர், கொழும்பு முற்றிலும் பாதுகாப்பான நகரம் என்று அடித்துப் பேசுவார். ஒப்புநோக்குநராக இருந்த இளைஞர் ஒருவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். கொட்டாஞ்சேனையில் ஒரு விடுதியில் அறை எடுத்திருந்தார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அவருடைய பெற்றோரும் போனவர்கள். குண்டுவெடிப்புக்குப் பின்னரான சுற்றிவளைப்பொன்றில் அந்த விடுதியிலிருந்த அத்தனை இளைஞர்களும் பொலிஸ் நிலையம் ஒன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மறுநாள் நண்பகலில்தான் விடப்பட்டனர். நேரே அலுவலகத்துக்கு வந்து பக்கங்களைத் திருத்த உட்கார்ந்தவரிடம் நமது விளையாட்டு நண்பர் அவுஸ்திரேலியர்களைத் திட்டத் தொடங்கினார். இளைஞர் பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அவன் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு தன்ரை வீட்டிலை இருக்கலாம் அண்ணை. நாங்கள் எந்த வீட்டிலை இருக்கிறது?"

நான் குறிப்பிட்ட எழுதப்படாத பக்கம் இதுதான். கொழும்பு பாதுகாப்பானதா என்று உலகம் கேட்டபோது, மூன்று நாள் தங்கிவிட்டுப் போகும் பதினான்கு ஆட்டக்காரரை மனதிற்கொண்டே கேட்டது. ஆம் என்று அடித்துச் சொன்னவர்களும் அவர்களை எண்ணியே சொன்னார்கள். ஒவ்வொரு சந்தியிலும் சோதனைச் சாவடி இருந்தது. அடையாள அட்டையில் சிங்களத்துடன் தமிழிலும் எழுத்து இருந்தால், அதிலும் பிறப்பிடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால், பொலிஸ் பதிவுத் துண்டையும் காட்டவேண்டும். அதன் பின்னரும் விடை நிச்சயமில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த தமிழ்க் கிரிக்கெட் ரசிகர்கள் மைதானத்துக்குச் செல்வதா என்று முடிவெடுத்தபோது குண்டை எண்ணியது பாதி, சாவடிகளை எண்ணியது பாதி. விருந்தினருக்கு அளிப்பதாகச் சொன்ன பாதுகாப்பு எவ்வளவு இறுகியதோ, அவ்வளவுக்கு இவர்களுடைய நடமாட்டம் சுருங்கியது.

தமிழரிடையேயும் ஒரே கருத்து நிலவவில்லை. அணிகள் வராததால் நாட்டின் நிலைமை உலகுக்குத் தெரியவரும் என்று சிலர் உள்ளூர மகிழ்ந்தனர். மத்திய வங்கி வட்டாரத்தில் தமிழரும் அன்றாடம் வேலைக்குப் போய்வந்தவர்களே. அந்தக் குடும்பங்களுக்கு இந்த மகிழ்ச்சி கசந்தது. இன்னும் பலருக்கு முரளி ஒருவனே போதுமான காரணமாக இருந்தான். வடக்கில் மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் வர்ணனையையும் கேட்டார்கள். அவர்களிடம் யார் பக்கம் என்று கேட்பது அறிவீனம்.

வராதவர்களுக்குப் பதிலாக வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடர் தொடங்குவதற்கு முதல் நாள், பெப்ரவரி 13இல், இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்பு வந்து நட்புறவு ஆட்டமொன்றில் ஆடினர். அசாருதீன் தலைவர். வசீம் அக்ரமின் பந்தில் களுவிதாரணவை டெண்டுல்கர் பிடித்த அந்த ஆட்டமிழப்பு, அந்த இரு நாடுகளின் வரலாற்றை அறிந்த எவருக்கும் மறக்காது. சிம்பாப்வே வந்து எஸ்.எஸ்.சி. மைதானத்தில் ஆடியது. கென்யா கண்டிக்குச் சென்று அஸ்கிரியவில் ஆடியது. அங்கு இலங்கை 5 விக்கெட்டுக்கு 398 ஓட்டங்கள் குவித்து உலக சாதனை படைத்ததால், கென்யர்கள் துணிந்து வந்தமை செய்தியின் கடைசிப் பந்திக்குத் தள்ளப்பட்டது. எங்கள் பத்திரிகையிலும் அப்படித்தான்.

இனிக் கல்கத்தா. மார்ச் 13 அரையிறுதிக்கு ஈடன் தோட்டத்தை எவரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ரசிகர்கள், கிரிக்கெட்டின் ஆலயம் என்றெல்லாம் வர்ணனை. 1 விக்கெட்டுக்கு 98 என்றிருந்த இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்ததும் போத்தல்கள் பறந்தன. பார்வையாளர் பகுதியில் தீ மூட்டப்பட்டது. போட்டி மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை இலங்கைக்கு வழங்கினார். இதே மைதானத்தில் 1967 புத்தாண்டு நாளன்று கலவரம் மூண்டு டெஸ்ட் ஆட்டம் தடைப்பட்டபோது, மேற்கிந்திய அணியில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர்களுள் ஒருவர் இந்த லொயிட். 1980இல் அங்கு நடந்த உதைபந்தாட்டத்தின்போது 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். இவையெல்லாம் பதிவில் இருந்தும், பாதுகாப்பு விவாதத்தில் கல்கத்தாவின் பெயர் அடிபடவேயில்லை. ரசிகர்கள் ஒரு நகரத்தின் மீது கொண்ட மோகம் அதன் பழைய பதிவுகளை மறைத்துவிடும் போலும்.

மார்ச் 17 இறுதியாட்டம் லாகூரில். அவுஸ்திரேலியா 241, அரவிந்த டி சில்வாவின் ஆட்டமிழக்காத 107 ஓட்டங்களுடன் இலங்கை 7 விக்கெட்டுகளால் வென்றது. ஆடாமலே கிடைத்த நான்கு புள்ளிகளைப் பற்றி முணுமுணுத்தவர்கள் அன்றிரவுடன் ஓய்ந்தனர். லாகூரையும் அப்போது எவரும் அஞ்சவில்லை. நான்கு வாரங்கள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, அதே நகரில் இம்ரான் கான் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனையில் குண்டு வெடித்துப் பலர் மாண்டனர்.

ரசிகர்கள் பெரும்பாலும் மறந்துவிட்ட ஒன்று உண்டு. 1996 ஜூலை 24 அன்று தெஹிவளையில் ரயிலில் குண்டுகள் வெடித்து 60 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். ஐந்து வாரங்கள் கூட ஆகவில்லை. ஆகஸ்ட் இறுதியில் அவுஸ்திரேலிய அணி நாற்தரப்புத் தொடருக்காகக் கொழும்பு வந்து இறங்கியது! செப்டெம்பர் 7 இறுதியாட்டத்தில், தாம் பெப்ரவரியில் வர மறுத்த அதே பிரேமதாச மைதானத்தில், இலங்கையிடம் தோற்றது. பெப்ரவரியில் இல்லாத எந்தப் பாதுகாப்பு அந்த ஆகஸ்டில் இருந்தது? ஆபத்து குறைந்ததற்கான அடையாளம் எதையும் அப்போது கொழும்பில் வாழ்ந்த நான் காணவில்லை. நகரம் அப்படியே இருந்தது. நகரத்தைப் பற்றிய பேச்சுத்தான் மாறியிருந்தது.

2003 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து ஹராரேக்கும் நியூசிலாந்து நைரோபிக்கும் செல்ல மறுத்தன. இலங்கை நைரோபிக்குச் சென்றது. சென்று கென்யாவிடம் தோற்றது. கண்டிக்கு வந்தவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடன் அது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2009 மார்ச் 3 பற்றி அதிகம் எழுத மனமில்லை. மும்பைத் தாக்குதலின் பின் இந்தியா பாகிஸ்தான் பயணத்தை இரத்துச் செய்ய, அந்த இடத்தை நிரப்பச் சென்ற இலங்கை அணியின் பஸ் மீது லாகூரில், உலகக் கிண்ணத்தை வென்ற அதே மைதானத்துக்குச் செல்லும் வழியில், துப்பாக்கிச் சூடு நடந்தது. பொலிஸார் அறுவரும் பொதுமக்கள் இருவரும் இறந்தனர். திலான் சமரவீர உட்பட வீரர்கள் பலர் காயமடைந்தனர். 1996இல் அங்கு பந்துவீசிய முரளிதரன் அந்த பஸ்ஸில் இருந்தார். கால் நூற்றாண்டு யுத்தத்தில் இலங்கை மண்ணில் எந்தவொரு வெளிநாட்டு அணியும் தாக்கப்பட்டதில்லை. 2011 உலகக் கிண்ண ஆட்டங்களைப் பாகிஸ்தான் இழந்தது. அவ்வாண்டு ஓர் அரையிறுதி கொழும்பிலேயே நடந்தது.

பெப்ரவரி 1996இல் வராத மற்றைய அணி, 2012 ஒக்டோபர் 7 அன்று கொழும்பில் உலகக் கிண்ணம் ஒன்றை வென்றது. இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகள் இலங்கையை 36 ஓட்டங்களால் வீழ்த்தின. பிரேமதாச மைதானத்துக்கு நானும் போயிருந்தேன். வழியில் என்னை எவரும் மறித்து அடையாள அட்டை கேட்கவில்லை. வாயிலில் நுழைவுச் சீட்டைப் பார்த்தார்கள். பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.