புற்று

புற்று என்பது கறையான்கள் மண்ணைத் தம் உமிழ்நீருடன் குழைத்துக் கட்டும் வாழிடம் ஆகும். இது புற்றம், வன்மீகம் எனவும் அழைக்கப்படும். தமிழில் இச்சொல் எறும்பு, பாம்பு, நோய் ஆகியவற்றுடனும் சேர்ந்து வழங்குவதால், தொடர்புடைய அறிவியற் சொற்களின் பொருள் மயங்குவது உண்டு.

சங்கரன்கோவில்

தென்காசி மாவட்டத்தில் (2019 வரை திருநெல்வேலி மாவட்டம்) உள்ள சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண் பிரசாதமாக வழங்கப்படுகிறது. அடியார்கள் அதனை நெற்றியில் பூசிக்கொள்வர். இத்தலத்தின் புராணத்தில் சங்கன், பதுமன் என்னும் நாக அரசர்கள் இடம்பெறுகின்றனர். வழிபாட்டில் புற்று நாகத்தின் இருப்பிடம். உயிரியலில் அது கறையானின் கட்டுமானம்.

கறையான், சிதல், செல், ஈசல்

கறையான், சிதல், செல் ஆகிய மூன்றும் ஒரே பூச்சியைக் குறிக்கும். செல்லரித்தல் என்னும் வழக்கு இதனின்று வந்தது. ஈசல் தனி இனம் அன்று. மழைக்குப் பின் புற்றிலிருந்து வெளியேறும், இனப்பெருக்கம் செய்யவல்ல சிறகுடைய கறையானே ஈசல் ஆகும். சங்க இலக்கியங்களில் இது ஈயல் எனப்படுகிறது. எனவே ஈசல் அனைத்தும் கறையானே. கறையான் அனைத்தும் ஈசல் அல்ல.

கறையானும் எறும்பும்

கறையானுக்கு வெள்ளை எறும்பு என்னும் பெயரும் உண்டு. ஆயினும் இவை நெருங்கிய உறவுடையன அல்ல. எறும்பு, தேனீ, குளவி ஆகியன ஒரே வரிசையைச் சேர்ந்தவை. கறையான்கள் கரப்பான் பூச்சிகளின் வரிசைக்குள் அடங்கும் என்பதை 2007 ஆம் ஆண்டில் வெளியான மரபியல் ஆய்வு ஒன்று வலியுறுத்தியது. எறும்பின் இடை குறுகியது, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியது. கறையானுக்கு இடை குறுகுவதில்லை; உணர்கொம்பு மணிகோத்தது போல் நேரானது. எறும்புக்குக் கூட்டுப்புழுப் பருவம் உண்டு, கறையானுக்கு இல்லை.

பாம்புப் புற்று

பாம்பு புற்றுக் கட்டுவதில்லை. கைவிடப்பட்ட புற்றின் துளைகளில் தங்குமிடமும் எலி முதலிய இரையும் கிடைப்பதால் அங்குப் புகுகிறது. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்னும் பழமொழி இவ்வேறுபாட்டைச் சரியாகவே காட்டுகிறது.

புற்றுநோயும் கட்டியும்

உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, அருகிலுள்ள இழையங்களை ஊடுருவியும் பிற உறுப்புகளுக்குப் பரவியும் வளரும் நோய்கள் புற்றுநோய் எனப்படும். கட்டி என்பது இதனின் வேறான சொல். பரவாத தீங்கற்ற கட்டிகள் புற்றுநோய் அல்ல. இரத்தப் புற்றுநோயில் பொதுவாகக் கட்டி தோன்றுவதில்லை. ஆதலால் கட்டி என்றவுடன் புற்று எனக் கருதி அஞ்சுவதும், கட்டி இல்லை என்பதால் புற்றுநோய் இல்லை எனக் கொள்வதும் பிழையாகும். எது என்பதை மருத்துவச் சோதனையே உறுதி செய்யும். புற்றுமண்ணுக்கும் இந்நோய்க்கும் இடையே உள்ளது சொல்லளவிலான ஒற்றுமை மட்டுமே.

இவற்றையும் பார்க்க

கறையான்
ஈசல்
சங்கரன்கோவில்
புற்றுநோய்